அப்பா குளுக்கோமா சொட்டு மருந்தை நிறுத்திவிட்டார், என்ன செய்யலாம்?

வெள்ளவத்தை மகள்:
அப்பாவுக்கு 64 வயது, சீனி வருத்தமும் இருக்கிறது. கண் அழுத்தம் கூட என்று போன வருஷம் சொட்டு மருந்து கொடுத்தார்கள், இப்போது "பேப்பர் எழுத்தே தெளிவாத் தெரியுது, பிறகு எதுக்கு மருந்து" என்று இரண்டு மாதமாகப் போத்தலைத் தொடுவதே இல்லை. நேற்று காலி வீதியில் இடது பக்கமாக வந்த ஓட்டோவைக் கிட்ட வரும்வரை அவர் காணவே இல்லை. பயமாக இருக்கிறது.

கொட்டாஞ்சேனை அண்ணா:
தங்கச்சி, இந்த நோயில் பெரும்பாலும் பக்கப் பார்வைதான் முதலில் போகும், நடுப்பார்வை கடைசி வரை நன்றாக இருக்கும், அதனால் பேப்பர் வாசிப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கண்புரை என்றால் சத்திரசிகிச்சை செய்து லென்ஸ் வைக்கலாம். இதில் கண் நரம்பு போனால் போனதுதான், மருந்து மிச்சத்தைக் காப்பாற்ற. நாளைக்கே டொக்டரிடம் கூட்டிப் போங்கள், கிளினிக் கொப்பியையும் போத்தலையும் எடுத்துக்கொண்டு. லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்தில் தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது.

தெஹிவளை அக்கா:
சொட்டு விட்டால் கண் எரிகிறதா என்றும் அப்பாவிடம் கேளுங்கள். என் அம்மா அதனால்தான் நிறுத்தப் பார்த்தார், சொன்னதும் மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோர மூலையை இரண்டு நிமிஷம் விரலால் அழுத்த வேண்டும். சீனி இருப்பதால் விழித்திரையையும் வருஷா வருஷம் பார்க்க வேண்டும். அப்புறம், இது குடும்பத்தில் வரும், நீங்களும் சோதியுங்கள்.

வெள்ளவத்தை மகள்:
எரிச்சல்தானாம், இப்போதுதான் வாயைத் திறந்தார். காலையில் போகிறோம்.