ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் சேர்ந்திருக்கிறீர்களா? அரியர் கணக்கை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்

அக்டோபர் நெருங்கினாலே ரூம், விசாவுக்குப் பணம் போட்டு வைக்கும் பிளாக்டு அக்கவுண்ட், இன்சூரன்ஸ் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கெல்லாம் பதில் எங்கேயாவது கிடைத்துவிடும். படிப்பு எப்படி நடக்கும், பரீட்சை எப்படி வைப்பார்கள் என்று கேட்பவர்கள் குறைவு, ஆனால் முதல் வருஷத்தில் நம் பிள்ளைகள் அதிகம் அடிபடுவது அங்கேதான். நான் ஆகன் நகரில் ஆர்டபிள்யூடிஎச் பல்கலைக்கழகத்தில் படித்தவன், இப்போதும் அதே ஊரில்தான் இருக்கிறேன். கண்ணெதிரே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதல் விஷயம் அரியர். ஊரில் ஒரு பேப்பர் போனால் அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம், அதிலும் போனால் அதற்கடுத்ததில். இங்கே பல பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு மூன்று வாய்ப்புதான். கட்டாயப் பாடத்தில் மூன்றாவது முறையும் போய்விட்டால் அந்தப் படிப்பிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள், ஜெர்மனியில் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய் அதே படிப்பில் சேரவும் முடியாது. விசாவும் படிப்பை நம்பித்தானே இருக்கிறது. அதனால் "சும்மா ஒரு அட்டெம்ப்ட் கொடுத்துப் பார்க்கலாம்" என்று தயாராகாமல் போய் உட்காராதீர்கள். எத்தனை வாய்ப்பு, எதற்கு விலக்கு என்பது இடத்துக்கு இடம் மாறும், அதனால் உங்கள் படிப்பின் தேர்வு விதிமுறையை, ப்ரூஃபுங்ஸ்ஓர்ட்னுங் என்பார்கள், வந்த முதல் வாரமே இறக்கி ஒருமுறை முழுசாகப் படித்துவிடுங்கள்.

அப்புறம், கிளாஸுக்குப் பதிவு செய்வது வேறு, பரீட்சைக்குப் பதிவு செய்வது வேறு. ஹால் டிக்கெட் தானாக வரும் பழக்கத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய பொறி. ஆன்லைன் போர்ட்டலில் சில வாரம் மட்டும் பதிவு திறந்திருக்கும், மூடிவிட்டால் எவ்வளவு படித்திருந்தாலும் எழுத முடியாது. பதிவு செய்தபின் தயாராக இல்லை என்று தோன்றினால் கடைசித் தேதிக்குள் விலகலாம். விலகாமல், போகாமலும் இருந்தால் 5.0, அதாவது ஃபெயில், ஒரு வாய்ப்பும் போச்சு. (இங்கே மார்க் தலைகீழ், 1.0 தான் உச்சம், 4.0 வரைதான் பாஸ். 2.3 வாங்கிவிட்டு அழாதீர்கள், அது நல்ல மார்க்.) பரீட்சை அன்று உடம்பு சரியில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் போய்ச் சான்றிதழ் வாங்கித் தேர்வு அலுவலகத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

75 சதவீத அட்டெண்டன்ஸ் கவலை பெரும்பாலான லெக்சர்களில் கிடையாது. யாரும் கூப்பிட்டுக் கேட்க மாட்டார்கள், வீட்டுக்கு லெட்டர் போகாது. பத்து மணி கிளாஸ் பல இடங்களில் பத்தேகாலுக்குத்தான் தொடங்கும், முடிந்ததும் எல்லோரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள், அதுதான் கைதட்டல். இந்தச் சுதந்திரத்தில் நவம்பர் போவதே தெரியாது. பல பாடங்களில் இன்டர்னல் மார்க் என்று ஒன்றும் இல்லை, பிப்ரவரியில் எழுதும் ஒரே தேர்வுதான் மொத்த மார்க்கும். அதனால் லெக்சர் ஒன்றிரண்டு போனாலும் போகட்டும், டுட்டோரியலை மட்டும் விடாதீர்கள். பரீட்சையில் வரும் கணக்கின் சாயல் அங்கேதான் தெரியும். பழைய வினாத்தாள்களுக்கு உங்கள் துறையின் மாணவர் மன்றத்தை, ஃபாக்‌ஷாஃப்ட், போய்க் கேளுங்கள், பல இடங்களில் சேர்த்து வைத்திருப்பார்கள். ஆனால் கொஸ்டின் பேங்க் போல மனப்பாடம் செய்தால் உதவாது, கேள்வியை மாற்றிப் போடுவார்கள்.

நம் ஆட்கள் அதிகம் தவறவிடுவது ஐன்ஸிக்ட். ரிசல்ட் வந்த பிறகு ஒரு நாள் குறிப்பிட்டு, திருத்திய விடைத்தாளை நம் கையிலேயே கொடுப்பார்கள். ஒரு அறை, மேசைமேல் உங்கள் தாள், பக்கத்தில் விடைக்குறிப்பு, ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் எத்தனை பாயிண்ட் என்று சிவப்பில் எழுதியிருக்கும். கூட்டலில் தப்பு இருந்தாலோ, வேறு வழியில் சரியாகப் போட்டதற்கு பாயிண்ட் தராமல் விட்டிருந்தாலோ அங்கேயே சொல்லலாம், எழுதியும் கொடுக்கலாம். இது சண்டை இல்லை, உங்கள் உரிமை. புரொஃபசர் கோபித்துக்கொள்வாரோ என்று யோசிக்க வேண்டாம். பாஸானவர்களும் போகலாம். அரை பாயிண்டில் நிற்கிறவர்கள் கட்டாயம் போங்கள்.

ஒரு செமஸ்டருக்கு 30 ஈசிடிஎஸ், அதாவது 30 கிரெடிட், என்று திட்டத்தில் இருக்கும். ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேர உழைப்பு என்று கணக்கு, அப்படியானால் 900 மணி நேரம். ஊர் புதுசு, சமையல் புதுசு, மொழி புதுசு. முதல் செமஸ்டரில் 20, 22 எடுத்து நன்றாக முடிப்பது 30 எடுத்துப் பாதியை விடுவதைவிட எவ்வளவோ மேல். உதவித்தொகை வாங்குபவர்கள் மட்டும் அதன் நிபந்தனையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை விஷயம். வந்த மாதமே டெலிவரி வேலைக்கு ஓடுகிறார்கள், பணத் தேவை புரிகிறது, தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெளிவேலைக்கு வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்று வரம்பு உண்டு, பல்கலைக்கழகத்துக்குள் பார்க்கும் ஹிவி வேலை, அதாவது மாணவர் உதவியாளர் வேலை, அந்தக் கணக்கில் வராது. சம்பளம் சுமார்தான், இருந்தாலும் லேபில் உட்கார்ந்து வேலை பழகலாம், கூட இருக்கும் பிஎச்டி மாணவர்களின் பழக்கம் கிடைக்கும், தீசிஸ் தலைப்பு பெரும்பாலும் அந்தப் பழக்கத்தில்தான் பிறக்கும். ஹிவி கேட்டு மெயில் போடும்போது 'ரெஸ்பெக்டட் சார்' என்று ஒரே மெயிலை ஐம்பது பேருக்கு அனுப்பாதீர்கள், பார்த்தவுடன் தெரிந்துவிடும். அந்தக் குழுவின் ஒரு பேப்பரைப் படித்துவிட்டு, அதில் எது உங்களுக்குப் பிடித்தது, உங்களுக்கு என்ன தெரியும், வாரம் எத்தனை மணி நேரம் வர முடியும் என்று ஆறேழு வரியில் எழுதுங்கள். பெரிய புரொஃபசருக்கு எழுதுவதைவிட அவரிடம் இருக்கும் பிஎச்டி மாணவருக்கு எழுதினால் பதில் சீக்கிரம் வரும்.

ரெக்கார்ட் நோட்டை சீனியரிடம் வாங்கி அப்படியே எழுதிய பழக்கத்தை இங்கே கொண்டுவரவே வேண்டாம். லேப் ரிப்போர்ட்டோ செமினார் பேப்பரோ, நான்தான் எழுதினேன் என்று பல இடங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டியிருக்கும். காப்பி என்று தெரிந்தால் ஃபெயில் போடுவார்கள், திரும்பத் திரும்ப நடந்தால் வெளியே அனுப்பவும் செய்வார்கள்.

மென்சாவில், அதாவது பல்கலைக்கழக கேன்டீனில், மதியச் சாப்பாட்டுக்கு நம்மவர்களோடு மட்டும் உட்காராமல் வாரத்தில் ஒருநாளாவது டுட்டோரியலில் பக்கத்தில் இருந்தவர்களோடு போங்கள். படிப்புக் குழு அப்படித்தான் சேரும், போர்ட்டலில் வராத சேதியும் அப்படித்தான் காதில் விழும்.

இரண்டு முறை ஃபெயிலாகி மூன்றாவது மட்டும் மிச்சம் என்று இருப்பவர்கள் தயவுசெய்து ரூமில் தனியாக முடங்காதீர்கள். முதலில் உங்கள் படிப்புக்கான ஆலோசகரைப் பாருங்கள், எந்தத் தேர்வைத் தள்ளலாம், எதை மாற்றலாம் என்று அவருக்குத் தெரியும். தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது என்றால் மனநல ஆலோசனையும் பல்கலைக்கழகத்திலேயே இலவசமாக உண்டு, ஆங்கிலத்தில் பேசும் ஆள் பெரும்பாலும் இருப்பார், வீட்டுக்குச் சொல்ல மாட்டார்கள், மார்க் ஷீட்டிலும் வராது. எந்த ஊர், எந்தப் படிப்பு என்று போட்டுக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.