மல்லி மொட்டு ஊதாவாகி உதிர்கிறது, மருந்து பலிக்கவில்லை

மதுரை, மொட்டை மாடி, ஆறு மணி நேர வெயில். 18 அங்குலத் தொட்டியில் குண்டுமல்லி, மூன்று வயதுச் செடி. செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் சம அளவு. நவம்பர் கடைசியில் கவாத்து செய்தது. மார்ச்சில் முதல் பூப்பு அருமையாக வந்தது. மே மாதத்திலிருந்துதான் தொல்லை.

மொட்டின் அடிப்பகுதி வீங்குகிறது, பிறகு ஊதா நிறமாகி, விரியாமலே உதிர்கிறது. பிளந்து லென்ஸில் பார்த்தால் வெள்ளையாகப் பொடிப் புழுக்கள் நெளிகின்றன. மொட்டில் துளையோ நூலாம்படையோ இல்லை, அதனால் மொட்டுப்புழு (அந்துப்பூச்சியின் புழு) அல்ல, மொட்டு ஈ என்ற சிறு ஈயின் புழுதான். இலையில் குறை எதுவும் இல்லை, நல்ல கரும்பச்சை.

இதுவரை செய்தவை: லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து வாரம் ஒருமுறை மாலையில் தெளிப்பு. இஞ்சி பூண்டு மிளகாய்க் கரைசலும் அடித்தாயிற்று (வாசனைதான் மிச்சம்). மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்குகிறது, அதில் வெள்ளை ஈதான் அதிகம். கெட்ட மொட்டுகளை அன்றன்றே பொறுக்கி எரித்துவிடுகிறோம். தொட்டிக்கு 100 கிராம் வேப்பம்பிண்ணாக்கும் கிளறிவிட்டது.

புழு மொட்டுக்குள் இருப்பதால் தெளிப்பு எட்டாது. வளர்ந்ததும் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகிறது, அங்கேதான் மடக்க வேண்டும். பூ தலையில் வைப்பதற்கு என்பதால் ரசாயனக் குருணை வேண்டாம்.

தொட்டி மல்லியில் மெட்டாரைசியம் (பூச்சியைக் கொல்லும் பூஞ்சை) கரைசலை மண்ணில் ஊற்றி மொட்டு ஈயைக் கட்டுப்படுத்தியவர்கள், என்ன அளவில், எத்தனை நாள் இடைவெளியில் ஊற்றினீர்கள்?