புதுப்பிப்பு: ஆர்எக்ஸ் 100 ஸ்விங்-ஆர்ம் போல்ட்டு ஒருவழியாகக் கழன்று வந்துவிட்டது

பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கைப் பிரிக்கும்போது ஸ்விங்-ஆர்ம் (பின்சக்கரத்தைத் தாங்கும் கை) போல்ட்டு சிக்கிக்கொண்டது, நட்டு கழன்றும் அசையவில்லை என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது எடுத்தாயிற்று. முழுசாக இல்லை, துண்டு துண்டாக!

அசிட்டோனும் ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) பாதிக்குப் பாதி கலந்து ஊற்றச் சொன்னவர்களுக்கு நன்றி. ஊறவிட்ட பிறகு போல்ட்டு சுற்ற ஆரம்பித்தது. ஆனால் அதை நம்பக் கூடாது. ஆர்மில் போல்ட்டு நுழையும் இடத்தில் உள்ள ரப்பர் புஷ்ஷுக்குள் ஒரு இரும்புக் குழாய் இருக்கிறது. போல்ட்டு அதோடு துருவேறி ஒட்டிக்கிடக்கிறது. இரண்டும் சேர்ந்தே சுற்றுகின்றன, கிழிவது ரப்பர்தான். சுத்தியலால் அடித்தாலும் அடியில் பாதியை ரப்பரே வாங்கிக்கொள்கிறது.

சூடு காட்டலாமே என்றும் கேட்டிருந்தீர்கள். அலுமினியத்துக்குள் மாட்டிய இரும்பு போல்ட்டு என்றால் அருமையான வழி. அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இங்கே இரண்டுமே இரும்பு, சுற்றி ரப்பர் வேறு. கருகிய நாற்றம்தான் மிச்சமாகும். அசிட்டோன் ஊற்றிய இடத்தில் நெருப்பு வேண்டவே வேண்டாம்.

கடைசியில் ஃபிரேமுக்கும் ஆர்முக்கும் நடுவிலுள்ள சந்தில் வெறும் ஹேக்ஸா பிளேடை விட்டு இரண்டு பக்கமும் அறுத்தேன். ஃபிரேமில் கீறல் விழாமல் இருக்கத் தகரத் துண்டு ஒன்றைச் செருகிக்கொண்டேன். கை வலி சொல்லி மாளாது. ஆர்முக்குள் நின்ற துண்டை, புஷ்ஷோடு சேர்த்து லேத்துப் பட்டறையில் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளிக் கொடுத்தார்கள்.

சரி, புது போல்ட்டும் புஷ்ஷும் வாங்கியாயிற்று. கிரீஸ் தாராளமாகத் தடவித்தான் மாட்டப்போகிறேன். அதற்கு அப்புறம் அடுத்த வேலை, சைலென்சர் நட்டு.