‘தற்காதல்’ வேண்டாம், ‘தன்வியப்பு’ எனலாமா?

குழுவினருக்கு வணக்கம்.

தன்னையே பெரிதாக எண்ணிப் பிறரைப் பொருட்படுத்தாத ‘நார்சிசம்’ (narcissism) என்னும் போக்கிற்குத் ‘தற்காதல்’ என்ற தமிழாக்கத்தையே நிலைப்படுத்திவிடலாம் எனப் பினாங்கு நண்பர் எழுதியிருந்தார். அகராதிக்கு மட்டும் என்றால் நானும் இசைந்திருப்பேன். ஆனால் இங்கே கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்சில், குடும்பச் சிக்கல்களுக்கு ஆலோசனை தரும் சிறு குழுவொன்றின் துண்டறிக்கையைத் தமிழில் எழுதித் தரும்போது அச்சொல் பயன்படாமல் போனதை நேரிலேயே கண்டேன்.

வரைவை வாசித்துக் காட்டியபோது, ஐம்பது வயதை ஒட்டிய அம்மா ஒருவர், “தன்னையே காதலிக்கிறதா? எங்க வீட்டுக்காரர் அப்படி இல்லீங்க, அவர் கண்ணாடிகூடப் பார்க்க மாட்டார்” என்றார். சற்று நேரம் கழித்து அவரே வேறொன்றும் சொன்னார். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில், தாம் இரவெல்லாம் விழித்துச் சுட்ட முறுக்கை விருந்தினர் பாராட்டியதும், “பக்குவம் நான் சொல்லிக் கொடுத்தது” என்று கணவர் முந்திக்கொண்டாராம். “அம்மாதானேப்பா செஞ்சாங்க” என்று மகள் சிரித்ததற்காக மூன்று நாள் எவரிடமும் பேசாமல் இருந்து, நான்காம் நாள் மனைவியை மன்னிப்புக் கேட்க வைத்தாராம். காதல் என்றதும் அந்த அம்மாவுக்கு நினைவில் வந்தது ஒப்பனைதான். தம் வீட்டில் நடப்பதை அச்சொல்லோடு அவரால் பொருத்திப் பார்க்க இயலவில்லை.

நீரில் தன் உருவத்தைக் கண்டு மயங்கிய கிரேக்க இளைஞன் நார்சிசசின் கதையை அறிந்தவருக்கே ‘தற்காதல்’ விளங்கும். ஃபிராய்டு 1914இல் இதைப் பற்றி எழுதியபோது, குழந்தைப் பருவத்தில் இயல்பாகவே அமையும் தன்மீதான பற்றையும் சேர்த்துப் பேசியதால், அவருடைய பொருளுக்கு அது பொருந்தலாம். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் உளநோய்க் கையேட்டில் ஆளுமைக் கோளாறாக இடம்பெற்ற பொருளோ வேறு. கையேட்டின் இன்றைய பதிப்பு கூறும் 9 அடையாளங்களில் குறைந்தது 5 இருக்க வேண்டும்: தன்னை மிகைப்படுத்திக் காண்பது, ஓயாத பாராட்டை நாடுவது, பிறரைத் தன் தேவைக்குப் பயன்படுத்துவது, பிறர் உணர்வை மதிக்க மனமின்மை என அவை நீள்கின்றன. இவற்றில் காதல் எங்கே இருக்கிறது?

‘ஆணவம்’ போதும் என்றார் மற்றொருவர். சைவ சித்தாந்தம் அதனை மும்மலங்களுள் ஒன்றாக, எல்லா உயிர்க்கும் பொதுவாக வைக்கிறது; நம் எல்லாரிடமும் உள்ளதைச் சிலருக்கே உரிய கோளாறின் பெயராக்க முடியாது. நம் இளைஞர் வாயில் புழங்கும் ‘எக்சன்’ எனக்குப் பிடித்த சொல்தான் என்றாலும், அது வெளிப்பகட்டோடு நின்றுவிடுகிறது.

எனவே ‘தன்வியப்பு’ என்பதை முன்மொழிகிறேன். “வியவற்க எஞ்ஞான்றும் தன்னை” (439), “தன்னை வியந்தான் விரைந்து கெடும்” (474) என்னும் குறள்களிலேயே வேர் இருக்கிறது. தன்வியப்பாளர், தன்வியப்பு நடத்தை, தன்வியப்பு ஆளுமைக் கோளாறு எனக் கிளைச்சொற்களும் எளிதில் அமைகின்றன. கடைசிச் சொல்லை உளமருத்துவருக்கே விட்டுவிட்டு, துண்டறிக்கையில் ‘தன்வியப்பு நடத்தை’ என்று மட்டும் எழுத விரும்புகிறேன். கணவருக்கு நோய்ப்பெயர் சூட்டுவது மனைவியின் வேலையன்று. நடப்பது இன்னதென்று தெரிந்தால், அடியில் அச்சிட்டுள்ள 15999 என்ற ‘தாலியான் காசே’ (Talian Kasih) அரசு உதவித் தொலைபேசி எண்ணை அழைக்கலாமா என்று அவர் முடிவு செய்துகொள்வார்.

என் சொல்லிலும் குறை உண்டு. வியப்பு இன்று மென்மையான, மகிழ்ச்சியான சொல்லாகிவிட்டது. மேலும், குறளில் தன்னை வியந்தவன் தானே கெடுகிறான். நம் துண்டறிக்கையில் வருபவரோ நன்றாகத்தான் இருக்கிறார், உடனிருப்பவரே கெடுகின்றனர். அந்தக் கடுமையை ஏற்றுக் காட்டும் சொல், செருக்கைக் குறிக்கும் ‘தருக்கு’ என்று யாரேனும் வாதிட்டால், இன்றைய வாசகருக்கு அது புரியுமா என்பதையும் சேர்த்து எழுத வேண்டுகிறேன். தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.