பதின்மூன்று வினாடிகளா, டாஸா? 2022 டிவிஷனல் சுற்று வார இறுதி குறித்து ஒரு கேள்வி

நீலக்கொடி (கேள்வி)

2022ஆம் ஆண்டு ஜனவரி 22, 23 தேதிகளில் நடந்த என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) டிவிஷனல் சுற்று (பிளேஆஃபின் காலிறுதி போன்றது) ஆட்டங்கள் நான்கையும் அண்மையில் மறுபடியும் முழுமையாகப் பார்த்து முடித்தேன். சனிக்கிழமை சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி டென்னசி டைட்டன்ஸை 19-16 என்றும், சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் அணி கிரீன் பே பேக்கர்ஸை 13-10 என்றும் வென்றன. ஞாயிறன்று லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி டேம்பா பே பக்கனீர்ஸை 30-27 என்று வீழ்த்தியது. அன்றிரவு கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணி பஃபலோ பில்ஸை ஓவர்டைமில் (கூடுதல் நேரத்தில்) 42-36 என்று வென்றது. முதல் மூன்று ஆட்டங்களையும் நேரம் முடியும் தறுவாயில் அடிக்கப்பட்ட ஃபீல்ட் கோல்தான் (கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து மூன்று புள்ளி பெறுவது) தீர்மானித்தது. மூன்றிலும் வெளியூரிலிருந்து வந்த அணியே வென்றது. நான்காவது ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனதும் அப்படியொரு கடைசி உதையால்தான். பிளேஆஃப் வரலாற்றில் இதைவிடச் சிறந்த வார இறுதி உண்டு என்று யாராவது சொன்னால் எனக்கு ஒப்புக்கொள்ள மனம் வராது.

என் கேள்வி நான்காவது ஆட்டத்தைப் பற்றியது. பில்ஸ் ரசிகர்களில் பலர் அன்று முதல் இன்று வரை, டாஸ் கைவிட்டதால்தான் தோற்றோம் என்றே சொல்லி வருகிறார்கள். ஓவர்டைம் தொடங்கும்போது பில்ஸின் குவார்ட்டர்பேக் (பாஸ் வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஜாஷ் ஆலன் பூ கேட்டார், தலை விழுந்தது. பந்தைப் பெற்ற சீஃப்ஸ் அணி 75 யார்டு கடந்து சென்றது, அதன் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் வீசிய பாஸை டிராவிஸ் கெல்சி எண்ட் ஸோனில் (திடலின் கடைசிப் பகுதியில்) பிடித்து டச்டவுன் எடுத்தார். முதல் வாய்ப்பிலேயே டச்டவுன் வந்தால் ஆட்டம் முடிந்துவிடும் என்பது அப்போதைய விதி, ஆகவே ஆலனின் கைக்குப் பந்து வராமலேயே ஆட்டம் முடிந்தது. இவை எல்லாம் நடந்தவைதான். ஆனாலும் பில்ஸ் தோற்றது ஓவர்டைமில் அல்ல, அதற்கு முந்தைய பதின்மூன்று வினாடிகளில்தான் என்பது என் உறுதியான கருத்து.

கேப்ரியல் டேவிஸ் தம் நான்காவது டச்டவுனைப் பிடித்தபோது பில்ஸ் 36-33 என்று முன்னிலை பெற்றது. கடிகாரத்தில் மீதமிருந்தது 13 வினாடிகள். அடுத்த கிக்ஆஃபை (புள்ளி எடுத்தபின் எதிரணிக்குப் பந்தை உதைத்துத் தருவது) பில்ஸின் உதைப்பாளர் டைலர் பாஸ் எண்ட் ஸோனைத் தாண்டி உதைத்தார். யாரும் எடுத்து ஓடாமல் அது டச்பேக் ஆனதால் ஒரு வினாடிகூடக் கழியவில்லை. பந்தைத் தரையோடு உருட்டி விட்டிருந்தால், யாரோ ஒருவர் அதை எடுத்துச் சில அடி ஓடியிருப்பார், மூன்று நான்கு வினாடிகளாவது போயிருக்கும். அதன்பின் மஹோம்ஸ் டைரீக் ஹில்லுக்கு 19 யார்டு, கெல்சிக்கு 25 யார்டு என்று இரண்டே பாஸ்கள் வீசினார். மூன்று வினாடி மிச்சமிருக்க, சீஃப்ஸின் உதைப்பாளர் ஹாரிசன் பட்கர் 49 யார்டு தூரத்திலிருந்து அடித்துச் சமன் செய்தார். அந்தப் பருவத்தில் மிகக் குறைந்த புள்ளிகளையும் மிகக் குறைந்த யார்டுகளையும் விட்டுக்கொடுத்த தற்காப்பு பில்ஸுடையது. அப்படிப்பட்ட அணி இதைத் தடுத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது மிகையா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். நான்கு ஆட்டங்களில் எதை முதலிடத்தில் வைப்பீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

தெற்கு முனை

வணக்கம் நண்பரே. பதின்மூன்று வினாடிகளைப் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தத் தவறு இருந்தது என்பதற்காக விதியில் இருந்த குறை இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் தனித்தனி விஷயங்கள்.

அந்த ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். நான்காவது டவுனில் (கடைசி முயற்சியில்) 13 யார்டு தேவைப்பட்ட நிலையில் ஆலன் டேவிஸுக்கு டச்டவுன் வீசுகிறார், இரண்டு புள்ளி முயற்சியும் கைகூடுகிறது. ஒரு நிமிடம் கழிவதற்குள் ஹில் ஒரு பாஸைப் பிடித்து ஓடி 64 யார்டு டச்டவுன் எடுக்கிறார். மீண்டும் டேவிஸ், பிறகு பட்கர். இரண்டு அணிகளும் சேர்ந்து இரண்டு நிமிடத்துக்குள் 25 புள்ளிகள் எடுத்தன என்றால், அதற்குமேல் எந்தத் தற்காப்பாலும் எந்தக் குவார்ட்டர்பேக்கையும் நிறுத்த முடியாத நிலை வந்துவிட்டது என்றுதான் பொருள். போதாக்குறைக்கு, பில்ஸின் முதன்மைக் கார்னர்பேக் (பாஸ் பிடிப்பவர்களைத் தடுப்பவர்) ட்ரேடேவியஸ் வைட் முழங்கால் காயத்தால் நவம்பரிலிருந்தே விளையாடவில்லை. அந்த நிலையில் டாஸ் வென்றவருக்கே ஆட்டம் என்று அரங்கில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது. ஆலனுக்கு டாஸ் விழுந்திருந்தால் அவரும் அதே முறையில் ஆட்டத்தை முடித்திருப்பார், அப்போது மஹோம்ஸுக்கு அநீதி நடந்தது என்று பேசிக்கொண்டிருப்போம்.

மஹோம்ஸுக்கு அந்த அநீதி உண்மையிலேயே நடந்தும் இருக்கிறது. 2019 ஜனவரியில் நடந்த ஏஎஃப்சி (லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்று) இறுதியாட்டத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் டாஸ் வென்று, முதல் வாய்ப்பிலேயே டச்டவுன் எடுத்து, 37-31 என்று வென்றது. மஹோம்ஸ் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பின் இரு அணிகளுக்கும் வாய்ப்பு வேண்டும் என்று விதி மாற்றத்தை முன்மொழிந்தது சீஃப்ஸ் அணிதான். அது அப்போது நிறைவேறவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து அதே விதியால் பயனடைந்ததும் அவர்களேதான். இந்த ஆட்டம் முடிந்த இரண்டு மாதங்களில், 2022 மார்ச்சில், அணி உரிமையாளர்கள் 29-3 என்ற வாக்குகளில் பிளேஆஃப் ஆட்டங்களுக்கு விதியை மாற்றினார்கள். 2025இல் வழக்கமான பருவ ஆட்டங்களுக்கும் அது விரிவாக்கப்பட்டது. ஆகவே அன்றிரவு பில்ஸ் ரசிகர்கள் எழுப்பியது வெறும் புலம்பல் அல்ல. அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது, அந்த நியாயத்தை லீக்கும் ஏற்றுக்கொண்டது.

என் முதலிடம் இந்த ஆட்டத்துக்கே. இரண்டாம் இடத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், வெகு தூரத்தில் இருக்கிறது.

பனித்திடல்

அந்தக் கடைசி வாக்கியத்தை என்னால் ஏற்க முடியாது. புள்ளிகள் மழையாகப் பொழிந்தால்தான் சிறந்த ஆட்டமா? என் முதலிடம் சனிக்கிழமை இரவு கிரீன் பேயில் நடந்த ஆட்டத்துக்கு.

லாம்போ ஃபீல்டில் கடுங்குளிர், நேரம் ஆக ஆகப் பனியும் விழத் தொடங்கியது. பேக்கர்ஸ் தன் முதல் வாய்ப்பிலேயே டச்டவுன் எடுத்தது. அதற்குப் பிறகு அதன் குவார்ட்டர்பேக் ஏரன் ராட்ஜர்ஸ் ஒரு டச்டவுனைக்கூட எட்டவில்லை. முதல் பாதியின் முடிவில் ஏரன் ஜோன்ஸ் 75 யார்டு பாஸ் ஒன்றைக் கொண்டுசென்று தந்த வாய்ப்பில் அடிக்கப்பட்ட ஃபீல்ட் கோலை ஃபார்ட்டி நைனர்ஸின் ஜிம்மி வார்ட் தடுத்தார். ஆட்டம் முடிய ஐந்து நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது, 10-3 என்று பின்தங்கியிருந்த ஃபார்ட்டி நைனர்ஸ் அணியின் ஜோர்டன் வில்லிஸ் பண்ட்டைக் (எதிரணிக்குப் பந்தை விட்டுக்கொடுக்கும் உதையை) கையால் தடுக்க, பந்து மேலே எழும்பிப் பனியில் விழுந்து குதித்தது. டலனோவா ஹுஃபாங்கா அதை எடுத்துக்கொண்டு எண்ட் ஸோனுக்குள் ஓடினார். ஜிம்மி கரோப்பலோ நடத்திய ஆக்கப் பிரிவு அன்று முழுவதும் ஒரு டச்டவுனும் எடுக்கவில்லை என்பதையும், அந்த அணி அப்படியும் வென்றது என்பதையும் எத்தனை முறை நினைத்தாலும் வியப்பாகவே இருக்கிறது.

ஃபார்ட்டி நைனர்ஸின் ராபி கூல்ட் 45 யார்டிலிருந்து கடைசி உதையை அடித்தபோது அதைத் தடுக்க பேக்கர்ஸ் பக்கம் பதினொருவர் நின்றிருக்க வேண்டும்; நின்றவர்கள் பத்துப் பேர். பேக்கர்ஸின் ஸ்பெஷல் டீம்ஸ் பிரிவு (உதைகளைக் கையாளும் பிரிவு) பலவீனமானது என்று பருவம் முழுவதும் எல்லோரும் எச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். 13 வெற்றிகள் பெற்று, முதல் தரவரிசையோடு சொந்தத் திடலில் ஆடிய அணியை அந்தப் பிரிவே வெளியேற்றியது. நீலக்கொடி அவர்கள் எழுதிய டச்பேக்கும் ஒரு கிக்ஆஃப்தான் என்பதை இங்கே நினைவூட்டுகிறேன். மஹோம்ஸ், ஆலன் என்று குவார்ட்டர்பேக்குகளின் பெயர்களையே பேசுகிறோம். அந்த வார இறுதியைத் தீர்மானித்தவை பெரும்பாலும் கால்கள்.

நீலக்கொடி

தெற்கு முனை அவர்களுக்கு: விதி மாற வேண்டியிருந்தது என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் டாஸ் வென்றவருக்கே ஆட்டம் என்பதை ஏற்க மாட்டேன். அடுத்த வாரமே, ஜனவரி 30 அன்று, அதே திடலில், அதே விதியின் கீழ் சீஃப்ஸ் மறுபடியும் ஓவர்டைம் டாஸை வென்றது. ஒரு கட்டத்தில் 21-3 என்று முன்னிலையில் இருந்த அணி அது. ஆனால் ஓவர்டைமில் மஹோம்ஸ் வீசிய பந்தை பெங்கால்ஸின் வான் பெல் இன்டர்செப்ஷன் செய்தார் (இடைமறித்துப் பிடித்தார்), இவான் மெக்பெர்சன் 31 யார்டிலிருந்து அடித்து 27-24 என்று ஆட்டத்தை முடித்தார். தற்காப்புக்கு வழி இருந்தது. பில்ஸ் அதைக் கண்டுபிடிக்கவில்லை.

பனித்திடல் அவர்கள் சொன்ன கிக்ஆஃப் தொடர்பு என் மனத்தில் தோன்றாத ஒன்று, நன்றி. பட்கரே அதே ஆட்டத்தில், மூன்றாம் கால்பகுதி டச்டவுனுக்குப் பிறகான கூடுதல் புள்ளி உதையைத் தவறவிட்டவர் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

நான்காம் டவுன்

ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. பில்ஸின் 13 வினாடிகளைப் பேசுகிறவர்கள், அன்று மாலையே டேம்பாவில் நடந்த 42 வினாடிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ராம்ஸ் 27-3 என்று முன்னிலையில் இருந்தது. பிறகு கூப்பர் கப், கேம் ஏக்கர்ஸ் என்று ஒருவர் மாற்றி ஒருவர் பந்தை ஃபம்பிள் செய்ய (கைநழுவ விட), பக்கனீர்ஸின் டாம் பிரேடி மெல்ல மெல்லத் திரும்பி வந்தார். 42 வினாடிகள் இருக்கும்போது லெனார்ட் ஃபோர்னெட் நான்காவது டவுனில் ஓடி டச்டவுன் எடுத்துச் சமன் செய்தார். பெரும்பாலான அணிகள் அங்கே மனம் தளர்ந்து ஓவர்டைமுக்குக் காத்திருக்கும். ராம்ஸின் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டு காத்திருக்கவில்லை. பக்கனீர்ஸ் தற்காப்பு அவரை நோக்கித் தாக்குநர்களைக் கூட்டமாக அனுப்பியது. அதனால் நடுவில் ஓடிய கப்பைக் காக்க ஒரே ஒருவர்தான் மிஞ்சினார். அந்தப் பாஸ் 44 யார்டு போனது. உடனே ஓடி வந்து வரிசையில் நின்று, பந்தைத் தரையில் அடித்துக் கடிகாரத்தை நிறுத்தி, மேட் கே 30 யார்டிலிருந்து வெற்றி உதையை அடித்தார். அவரை 2019இல் தேர்ந்தெடுத்துப் பின்னர் விடுவித்த அணியே பக்கனீர்ஸ் என்பது கூடுதல் செய்தி.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். பக்கனீர்ஸ் முன்னேறித் தாக்கித் தோற்றது, பில்ஸ் பின்வாங்கிக் காத்துத் தோற்றது. எனவே பில்ஸ் துணிச்சலாக ஆடியிருந்தால் வென்றிருக்கும் என்ற பொதுவான குறை போதாது. பில்ஸ் செய்த தவறு அதைவிட நுட்பமானது. அந்த 13 வினாடிகளில் கெல்சி 25 யார்டு பாஸைப் பிடித்த காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: தற்காப்பாளர்கள் பக்கக் கோடுகளை ஒட்டியும் வெகு ஆழத்திலும் நிற்கிறார்கள், நடுப்பகுதி வெறுமையாகக் கிடக்கிறது. எதிரணியிடம் டைம்அவுட் இல்லாதபோதுதான் பக்கக் கோட்டைக் காப்பதில் பயன் உண்டு. சீஃப்ஸிடம் டைம்அவுட்கள் இருந்தன. நடுவில் பிடித்து விழுந்தாலும் உடனே கடிகாரத்தை நிறுத்திவிடலாம், அப்படியே செய்தார்கள். காக்க வேண்டிய இடத்தை விட்டு, காக்கத் தேவையில்லாத இடத்தைக் காத்தார்கள். கெல்சியைத் தொடக்கத்திலேயே ஒருவர் கைவைத்துத் தடுத்திருந்தால் இன்னும் மூன்று வினாடி போயிருக்கலாம். அப்போது உதைக்கு நேரமே இருந்திருக்காது. டச்பேக்கைக்கூட மன்னிக்கலாம், இதை மன்னிப்பது கடினம்.

விதி மாற்றத்தைப் பற்றியும் ஒரு சொல். புதிய விதியின் கீழ் ஓவர்டைமுக்குப் போன முதல் சூப்பர் பவுல் (லீக்கின் இறுதியாட்டம்) 2024 பிப்ரவரியில் நடந்தது. டாஸ் வென்ற ஃபார்ட்டி நைனர்ஸ் முதலில் ஆடி ஃபீல்ட் கோல் மட்டுமே எடுத்தது. எத்தனை புள்ளி தேவை என்று தெரிந்துகொண்டு களமிறங்கிய மஹோம்ஸ் டச்டவுன் எடுத்து 25-22 என்று முடித்தார். விதி எதுவானாலும் எதிரில் நிற்பவர் அவராக இருந்தால் அவரை நிறுத்த ஒரு திட்டம் வேண்டும், அன்றிரவு பில்ஸிடம் அது இல்லை. ஆகவே முதல் கேள்விக்கு நான் நீலக்கொடியின் பக்கம்.

ஆட்டங்களில் என் முதலிடம் டேம்பாவுக்கு. பெங்கால்ஸ் - டைட்டன்ஸ் ஆட்டத்தை இதுவரை யாரும் சீந்தவில்லை என்பதால் அதற்காகவும் பேசிவிடுகிறேன். பெங்கால்ஸின் குவார்ட்டர்பேக் ஜோ பரோவை அன்று ஒன்பது முறை சேக் செய்தார்கள் (பாஸ் வீசும் முன் வீழ்த்தினார்கள்). அத்தனை முறை தரையில் விழுந்த குவார்ட்டர்பேக் பிளேஆஃபில் வெல்வது அரிது. மறுபக்கம் ரையன் டேனஹில் ஆட்டத்தின் முதல் பந்திலேயே இன்டர்செப்ஷன் கொடுத்தார், 20 வினாடிகள் இருக்கும்போது மூன்றாவதைக் கொடுத்தார். பரோ ஜமார் சேஸுக்கு ஒரே ஒரு பாஸ் வீசி 19 யார்டு எடுத்தார், புதுமுகமான மெக்பெர்சன் 52 யார்டிலிருந்து அடித்தார். பெங்கால்ஸ் அணி தன் வரலாற்றில் வெளியூரில் பெற்ற முதல் பிளேஆஃப் வெற்றி அது. மற்ற மூன்றும் இல்லாத வேறொரு வாரத்தில் நடந்திருந்தால் அந்த ஆட்டத்தைப் பற்றியே ஆண்டுக்கணக்கில் பேசியிருப்போம்.