மறு: ஒரே கேமராவில் படமும் கைடிங்கும் – சொல் தேவை

வணக்கம். வானத்தைப் படமெடுக்கும் அதே கேமராவின் படங்களைக் கொண்டே, தொலைநோக்கி விண்மீனை விட்டு விலகாமல் திருத்தும் (கைடிங்) முறைக்குத் தமிழ்ச் சொல் கேட்கப்பட்டிருந்தது.

> "தன்வழிகாட்டல்" என்று வைத்துக்கொள்ளலாமா?

எனக்கு உடன்பாடில்லை ஐயா. தன்வழி என்றதும் தன் போக்கில் போவது என்ற பொருள்தான் தோன்றும். இங்கே நடப்பதோ போக்கு தவறும்போது இழுத்துப் பிடிப்பது.

வானம் விநாடிக்கு ஏறத்தாழ 15 விகலை (ஒரு பாகையின் 3600இல் ஒரு பங்கே விகலை) நகர்கிறது. மவுண்ட், அதாவது தொலைநோக்கியைத் தாங்கிச் சுழற்றும் அமைப்பு, அதே வேகத்தில் சுழன்றாலும் அதை ஓட்டும் வார்ம் கியர் என்ற பல்சக்கரத்தின் சிறு பிழையால் விண்மீன் மெல்ல விலகும். இதைக் கவனிக்க வழக்கமாக இன்னொரு சிறு தொலைநோக்கியும் இன்னொரு கேமராவும் வைப்பார்கள். முதன்மைக் கேமரா 5, 10 நிமிடம் ஒளி வாங்கிக்கொண்டே இருக்குமே, நடுவில் படத்தைப் பார்ப்பது எப்படி? நேரத்தைத் துண்டு போட்டால், சிசிடி என்ற பழைய வகை உணரியில், படத்தை வாசித்தெடுக்கும் ஒவ்வொரு முறையும் இரைச்சல் (படத்தில் தெரியும் பிசிறு) சேரும். இன்றைய சிமாஸ் உணரிகள் பலவற்றில் அந்த வாசிப்பு இரைச்சல் 1, 2 எலக்ட்ரான் அளவுக்கு இறங்கிவிட்டது. அதனால் நகரத்து வான்வெளிச்சத்தில் சில விநாடிப் படங்களை நூற்றுக்கணக்கில் அடுக்கியே மங்கலான நெபுலாவை எடுத்துவிடலாம். ஒவ்வொரு படத்திலும் விண்மீன்கள் எவ்வளவு விலகின என்று மென்பொருள் கணக்கிட்டு மவுண்டைத் திருத்தும். இரண்டு தொலைநோக்கிக் குழாய்கள் வெவ்வேறாக வளைந்து விண்மீன் கோடாக இழுபடும் தொல்லையும் போயிற்று. இம்முறையின் பெரிய ஆதாயம் அதுதான் என்பேன்.

ஆகவே "படவழித் திருத்தம்" என்று முன்வைக்கிறேன். அடுக்கும்போது படங்களை நகர்த்தி ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவதை இதோடு சேர்க்க வேண்டாம். அதில் மவுண்ட் அசைவதில்லை. 1990களில் எஸ்பிஐஜி நிறுவனக் கேமராக்களில் இருந்த 'டிராக் அண்ட் அக்யூமுலேட்' அந்த வகை. அதற்குப் "படப்பொருத்தம்" போதும்.

அப்புறம், எக்ஸ்போஷர், அதாவது ஒரு படத்துக்கு உணரி ஒளி வாங்குவது. குற்றெழுத்து, நெட்டெழுத்து போலக் "குற்றொளியேற்பு", "நெட்டொளியேற்பு" என்று அக்கா எழுதியது இலக்கணப்படி அழகு. ஆனால் வாய்விட்டுச் சொன்னால் குற்றம் என்றே காதில் விழுகிறது. "குறு ஒளியேற்பு" என்று பிரித்தே எழுதுவோம். "வெளிப்பாடு" வேண்டாம், உணரி ஒளியை வாங்குகிறது, எதையும் வெளிப்படுத்துவதில்லை.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "8 விநாடிக் குறு ஒளியேற்பில் படத்துக்கு ஒருமுறைதான் படவழித் திருத்தம் நடக்கும், ஒரு படத்துக்குள்ளேயே நேரும் ஆட்டத்தை அது சரிசெய்யாது." இடறாமல் வருகிறது.

மவுண்டுக்குத் "தாங்கி" வேண்டாம், பேரிங்குக்கு ஏற்கெனவே வழங்குகிறது. "ஏந்தி" சரியா, சொல்லுங்கள்.