ஆரக்கிள் தெரிந்தவர் போஸ்ட்கிரெஸ்ஸை முதலிலிருந்து படிக்க வேண்டுமா?

பெருங்குடியார்:
ஓஎம்ஆரில் இருக்கும் எங்கள் அலுவலகம் ஆரக்கிள் என்ற தரவுத்தள மென்பொருளை விட்டு போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொன்றுக்கு மாறுகிறது. ஆரக்கிளில் பழம் தின்று கொட்டை போட்ட டிபிஏக்களையும் (தரவுத்தள நிர்வாகிகள்) நேற்றுக் கல்லூரி முடித்த பிள்ளைகளோடு உட்காரவைத்து, செலக்ட் (தரவை எடுப்பது), ஜாயின் (டேபிள்களை இணைப்பது) என்று முதல் பாடத்திலிருந்து நடத்துகிறார்கள். வீண் வேலை. 1970இல் கணினி அறிஞர் எட்கர் காட் முன்வைத்த, தரவை டேபிள்களாகப் பார்க்கும் ரிலேஷனல் மாதிரிதான் இரண்டுக்கும் அடிப்படை. தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸ் என்றால் இங்கும் பெரும்பாலும் பி-ட்ரீ என்ற மர அமைப்புதான். மாற்றங்களை முன்கூட்டிக் குறித்துவைக்கும் பதிவுக்கு அங்கே ரீடூ லாக் என்று பெயர், இங்கே வால் (WAL). நீச்சல் தெரிந்தவருக்குக் கிணறு என்ன, குளம் என்ன?

தரமணி வாணி:
செலக்ட் பாடம் வேண்டாம் என்பதில் உங்கள் பக்கம்தான் சார். மற்றதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு வரிசையை அப்டேட் செய்தால் ஆரக்கிள் பழைய மதிப்பை அன்டூ என்ற தனி இடத்தில் வைக்கிறது. போஸ்ட்கிரெஸ் பழைய வரிசையை அந்த டேபிளிலேயே விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எழுதுகிறது. இனி யாருக்கும் தேவைப்படாத அந்தச் செத்த வரிசைகளை வேக்கூம் என்ற துப்புரவு வேலை வந்துதான் அகற்ற வேண்டும்.

ஒரு வாடிக்கையாளரின் இடத்தில் நேரில் பார்த்தேன். யாரோ ஓர் அப்டேட்டை ஓட்டிவிட்டு, கமிட் செய்யாமல் (மாற்றத்தை உறுதிசெய்து முடிக்காமல்) வார இறுதிக்கு வீட்டுக்குப் போய்விட்டார். தானாக இயங்கும் வேக்கூமான ஆட்டோவேக்கூம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் முடிக்கப்படாமல் நின்ற அந்த டிரான்ஸாக்‌ஷனுக்குப் பிறகு செத்த வரிசைகளில் ஒன்றைக்கூட அதனால் எடுக்க முடியவில்லை. அவர் தொடவே தொடாத ஆர்டர் டேபிளும் சேர்ந்து வீங்கியது. அங்கிருந்த ஆரக்கிள் அனுபவசாலி பழக்க தோஷத்தில் இன்டெக்ஸையும் ஸ்டாட்டிஸ்டிக்ஸையும் புரட்டிக்கொண்டிருந்தார். இணைப்புகளைக் காட்டும் செஷன் பட்டியலில் 'ஐடில் இன் டிரான்ஸாக்‌ஷன்' (தொடங்கியதை முடிக்காமல் சும்மா கிடக்கிறது) என்று ஒரே ஒரு வரி நின்றிருந்ததை அவர் பார்க்கவே இல்லை.

பெருங்குடியார்:
அப்படிச் சும்மா கிடக்கும் செஷனைத் துண்டிக்க டைம் அவுட் இருக்கிறது அம்மா. அதை அமைப்பது ஒரு வரி வேலை. ஆரக்கிளில் நீண்ட அறிக்கை ஓடும்போது, அதற்குத் தேவையான பழைய மதிப்பு அன்டூவில் மேலெழுதப்பட்டுவிட்டால், 'ஸ்னாப்ஷாட் டூ ஓல்ட்' என்று 1555 பிழை வந்து விழும். அதில் அடிபட்டவருக்குப் பழைய பதிப்புகளை எங்காவது வைத்துத்தான் ஆக வேண்டும் என்பது தெரியும். அவரிடம் வேக்கூமைப் பற்றி அரை மணி நேரம் பேசினால் போதும்.

சிறுசேரி தம்பி:
அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் முகவரி அறிக்கையில் 'இஸ் நல்' (மதிப்பே இல்லாதவை) என்று ஒரு நிபந்தனை. ஆரக்கிளில் காலிச் சரமும் (எழுத்தே இல்லாத உரை) நல்லும் ஒன்றுதான், போஸ்ட்கிரெஸ்ஸில் வேறு வேறு. மாறிய பிறகு ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுப் புதிதாகப் பதிந்த வாடிக்கையாளர்கள் அறிக்கையிலிருந்து காணாமல் போனார்கள். ஆரக்கிள் பழகிய சீனியர்தான் பார்த்தவுடன் காரணத்தைச் சொன்னார். எனக்குத் தோன்றியே இருக்காது.

தரமணி வாணி:
அவர் இரண்டையும் படித்தவர் தம்பி, அதனால் சொன்னார். டைம் அவுட் வைத்தால் தீர்ந்தது என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. டிரான்ஸாக்‌ஷன் எண் இங்கே 32 பிட்தான், ஒரு கட்டத்தில் எண்கள் தீர்ந்து மறுபடி சுற்றத் தொடங்கும்; அதற்குள் வேக்கூம் பழைய வரிசைகளைக் குறித்துவைக்க வேண்டும். ஆட்டோவேக்கூமைச் சுமை என்று நிறுத்திவைத்தாலும், ஒரு டேபிளின் வயது 20 கோடி டிரான்ஸாக்‌ஷனைத் தாண்டினால் அது தானாகக் கிளம்பிவிடும். அந்த எல்லையை மாற்றலாம், ஆனால் இயல்பான அமைப்பு அதுதான். ஏன் கிளம்புகிறது என்று தெரியாதவர் மறுபடி அதைக் கொல்லத்தான் பார்ப்பார். போஸ்ட்கிரெஸ் கையேட்டில் பராமரிப்பு அத்தியாயத்தை வரிவரியாகப் படிக்காதவரிடம் நான் புரொடக்‌ஷன் சர்வரைக் கொடுக்க மாட்டேன், அவருக்கு எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் சரி.

பெருங்குடியார்:
அந்த அத்தியாயத்தைப் படிக்கட்டும், தடையில்லை. செலக்ட் வகுப்பிலிருந்து எங்கள் ஆட்களை எழுப்பி அனுப்பச் சொல்லி நாளை மேலாளரிடம் கேட்கப்போகிறேன். அந்த நேரத்தில் ஒரு சோதனை சர்வரில் உங்கள் ஆர்டர் டேபிளைப் போல ஒன்றை வேண்டுமென்றே வீங்கவைத்துப் பார்க்கட்டும்.